மலைக்குப் பின்னால் இருந்த கடல்

எங்கள் தெருவில் அஞ்சலாட்சியைப் 'பாரிஸ்காரம்மா' என்றுதான் சொல்வார்கள். பாரிஸை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. விமானத்தை விட்டு இறங்கி, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கூடத்தில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், பிறகு ரயில் ஏறியதும்தான் அவருக்கும் அந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம். அவர் இரண்டு வருஷம் வாழ்ந்தது பிரான்சின் தென்கோடியில், மலைகளுக்கு நடுவில் இருந்த ரொக்வேர் என்ற சின்ன கிராமத்தில். அந்தப் பெயரைச் சொன்னால் புதுச்சேரி முதலியார்பேட்டையில் யாருக்கு என்ன தெரியும்? அதனால் அவரும் யாரையும் திருத்தவில்லை.

எண்பதுகளில் அவர் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருவார். கூடையை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, என் அம்மா கமலா மீனைப் புரட்டிப் பார்த்துச் செவுளைத் தூக்கிப் பார்க்கும் நேரத்தில் ஏதாவது சொல்வார். ஒரு நாள் கொஞ்சம், இன்னொரு நாள் கொஞ்சம். நடுவில் யாராவது வந்துவிட்டால் பேச்சு விலைக்குத் திரும்பிவிடும். அப்படிப் பல வருஷத்தில் அம்மா காதில் விழுந்து, அம்மா சொல்லி எனக்குத் தெரிந்ததுதான் இது.

அஞ்சலாட்சி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வீராம்பட்டினத்தில். புருஷன் ஆதிமூலம் கட்டுமரத்தில் போகிறவர். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதே தவிர, அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. நன்றாகவே ஒத்துப்போனார்கள். எழுபத்திரண்டில் பெரிய புயல் அடித்தது. அதற்கு முந்தின நாள் விடியலில் கடலுக்குப் போன ஆதிமூலம் திரும்பவில்லை. கூடப் போன கட்டுமரங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. இரண்டு நாள் கழித்து நல்லவாடு பக்கம் ஒரு கட்டை ஒதுங்கியது. அது அவருடைய மரத்துக் கட்டைதான் என்று சிலர் சொன்னார்கள். இல்லை என்று சிலர் சொன்னார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

உடல் கிடைத்திருந்தால் ஒரு நாள் அழுது, மறுநாள் அழுது, எப்படியோ ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். மாமியார் குஞ்சம்மாள் அந்த முடிவுக்கு வர மறுத்துவிட்டார். "எம்புள்ள எங்கனா கரையேறி இருப்பான். வருவான்" என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்து, செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகும் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு அஞ்சலாட்சியால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கடலைப் பார்க்கவும் முடியவில்லை. அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். கதவைச் சாத்தினால் அதன் சத்தம். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முதலியார்பேட்டையில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தனியாக வந்துவிட்டார்.

சமையல் வேலை கிடைத்தது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர்கள் இருந்த தெருவில். லூசியேன் என்ற பிரெஞ்சு வாத்தியாரும் அவர் மனைவி ஒதெத்தும் இருந்த வீடு அது. அஞ்சலாட்சிக்கு அவர் முசியே, இவர் மதாம். முசியே அதிகம் பேசமாட்டார், புத்தகத்தோடு இருப்பார். மதாம் நன்றாகப் பேசுவார். தமிழ் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசை. குசினி என்று சொல்லும் சமையலறைக்கு வந்து நின்றுகொண்டு, "இது என்னா?", "கொத்தமல்லியா, கருவேப்பிலையா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தப்பாகச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அந்த வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். அஞ்சலாட்சி ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை. வாய்க்கால் ஓரமாகவே வருவார், வாய்க்கால் ஓரமாகவே போவார்.

எழுபத்தொன்பதில் முசியேவுக்கு வேலைக்காலம் முடிந்தது. மதாமின் தாய் வழி வீடு ஒன்று மலைக்கிராமத்தில் பூட்டிக் கிடந்தது. அங்கே போய் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். மதாமுக்கு இடுப்பில் வலி, குனிந்து வேலை செய்ய முடியாது. "எங்களோட வர்றியா அஞ்சலாச்சி?" என்று கேட்டார். அவர் வாயில் அது 'அஞ்சலாச்சி'தான்.

"யோசிச்சியா நீ?" என்று பிற்பாடு என் அம்மா கேட்டபோது, "இன்னாத்த யோசிக்க? இங்க எனக்குக் கதவத் தொறந்து வுட யாரு இருந்தா? எங்க போனா இன்னா" என்றார் அஞ்சலாட்சி.

மெட்ராஸில் ஏறி, பம்பாயில் மாறி, பாரிஸில் இறங்கி, ரயிலில் லியோன் என்ற ஊருக்குப் போய் அங்கே மதாமின் அக்கா வீட்டில் சில நாள் தங்கினார்கள். பிறகு ஒரு பழைய காரில் வடக்கிலிருந்து தெற்காக மலைப்பாதையிலேயே வந்து ரொக்வேரில் இறங்கினார்கள். கல்லால் கட்டிய வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி மலைச் சரிவில் நின்றன. ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக்கடை, ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் மலை. அவ்வளவுதான் ஊர்.

குளிர், சாப்பாடு இரண்டுக்கும் அவர் பழகிவிட்டார். பழக முடியாமல் போனது ஒன்றே ஒன்று. பிரான்சுக்கு வந்ததும் மதாம் தமிழ் பேசுவதை விட்டுவிட்டார். வேண்டுமென்று விட்டதல்ல. புதுச்சேரியில் இருந்தவரை அது அவருக்கு ஒரு விளையாட்டு. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்கள், சொந்தக்காரர்கள், தோட்டம் என்று வேறு வேலை வந்துவிட்டது. குசினிக்கு வந்தால் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அஞ்சலாட்சிக்கும் வேலைக்கு வேண்டிய பிரெஞ்சு வந்துவிட்டது. ஆனால் உப்பு, வெங்காயம், துணி, விறகு இவற்றைத் தாண்டி அதில் அவரால் எதையும் சொல்ல முடியாது. வெங்காயம் அரியும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வார். பின்கட்டில் இருந்த கோழிகளிடம் பேசுவார். "கோழி மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாஷைதான்" என்பார் என் அம்மாவிடம். அம்மா சிரிப்பார். அவர் சிரிக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் மீன் வண்டி வரும். தண்ணீர்த் தொட்டி அருகே நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் தூக்கினால் உள்ளே ஐஸ்மேல் மீன் அடுக்கி இருக்கும். பாதி மீன் அவருக்குத் தெரியாத சாதி. இரண்டாம் வருஷம் வசந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, ஓரத்தில் மடவை இருந்தது. நம் ஊர் மடவையேதான். கையில் எடுத்து, அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்தார். பிடித்து ஒரு நாள்கூட ஆகாத மீன். ஐஸ் வாடையைத் தாண்டி உப்புத் தண்ணீர் வாடை அடித்தது.

"எங்கேருந்து?" என்று மீன்காரரைக் கேட்டார்.

அவர் கத்தியைப் பிடித்த கையாலேயே தெற்கே இருந்த மலையைக் காட்டினார். "லா மேர்" என்றார். கடல். கையை வளைத்து, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் என்று காட்டினார்.

அஞ்சலாட்சி திரும்பி மலையைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் காலையில் குசினிச் சன்னலைத் திறந்தால் முகத்துக்கு நேரே நிற்கிற மலை. அதற்குப் பின்னால் கடலா? யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவர் கேட்டதும் இல்லை. கடலை விட்டு எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு தூரம் வந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார்.

அன்று முதல் சன்னலைத் திறக்கும்போதெல்லாம் அது தொல்லை பண்ணியது. வேண்டாம் என்று விட்டு வந்தது, பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது, அது ஏன் இப்போது இழுக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை. பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும்.

மே மாதம் ஒரு நாள் முசியே கண் டாக்டரைப் பார்க்க நீஸ் பட்டணத்துக்குப் போக வேண்டியிருந்தது. மதாமும் கூடப் போனார். "சாயங்காலம் வந்துடுவோம்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு விடியலில் கார் கிளம்பியது. மாதத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் நீஸுக்குப் போவதுண்டு. அஞ்சலாட்சிக்கு நீஸ் என்றால் பெரிய கடைகள் இருக்கிற ஊர். அதற்கு மேல் தெரியாது.

கார்ச் சத்தம் அடங்கியதும் அரிசியைக் களைந்து உலை வைத்தார். தோட்டத்து எலுமிச்சையைப் பிழிந்து, லியோனிலிருந்து வந்த கடுகைத் தாளித்து, சோறு கிளறி ஒரு டப்பாவில் அடைத்தார். புடவைக்கு மேல் முசியேவின் பழைய கம்பளிச் சட்டை, காலில் மதாம் ஒதுக்கிப் போட்ட துணி பூட்ஸ். கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

ஊருக்கு மேலே ஆலிவ் தோப்பு. மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல் அடுக்கிச் சுவர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே கழுதை போகிற அகலத்தில் கல்பாவிய பாதை. வெயில் இன்னும் கீழே இறங்கவில்லை. ஆலிவ் இலைகள் திரும்பும்போது வெள்ளி மாதிரி மின்னின. தோப்பு முடிந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே ஒரு பாறையில் வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் பூசியிருந்தார்கள். கோயில் மதிலுக்கு அடிக்கிற மாதிரி. இது ஏதோ கோயிலுக்குப் போகிற வழி என்று நினைத்துக்கொண்டு அஞ்சலாட்சி அந்தப் பக்கமே திரும்பினார். சற்றுத் தூரம் போனால் ஒரு மரத்தில் அதே கோடு. இன்னும் போனால் இன்னொரு பாறையில்.

தோப்புக்கு மேலே பைன் மரங்கள். காற்றடித்தால் சவுக்குத் தோப்பு மாதிரியே இரைந்தது. அதுவும் முடிந்து திறந்த வெளிக்கு வந்தபோது, இடுப்புயரப் புதர்களில் மஞ்சள் பூ கொட்டிக் கிடந்தது. காலுக்கடியில் ஏதோ செடி மிதிபட்டு வாசம் எழுந்தது. குனிந்து கிள்ளிக் கசக்கினார். ஓமம். இலை வேறு, பூ வேறு, ஆனால் ஓம வாசம். அந்தச் சரிவு முழுக்க அதுதான் முளைத்திருந்தது. கை நிறையப் பறித்துக் கம்பளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறந்ததிலிருந்து மணலிலும் தரையிலும் நடந்த கால். மேலே ஏற ஏற மூச்சு வாங்கியது. நின்று திரும்பிப் பார்த்தால் ரொக்வேர் கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி கீழே கிடந்தது. அதற்கும் வடக்கே, மலைக்குப் பின் மலையாக அடுக்கி, கடைசியில் பனி மூடிய மலை வானத்தோடு கலந்து நின்றது. இந்த வழியாகவா நாம் வந்தோம் என்று நினைத்தார். அத்தனை மலையில் தமிழ் தெரிந்த வாய் இது ஒன்றுதான்.

உச்சியை நெருங்கும்போது ஓடத் தொடங்கிவிட்டார். கடைசிப் பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தார்.

கடல் இல்லை. இன்னொரு பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் இன்னொரு மலை.

அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். மீன்காரர் ஏமாற்றினாரா, தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையா என்று தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று எழுந்தார். அப்போதுதான் பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டது. முதுகில் பை, கையில் தடி, தலையில் துணித் தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறி வந்தார். வயது அஞ்சலாட்சியை விட இரண்டு மூன்று கூட இருக்கலாம். புடவை கட்டின ஒருத்தி மலை உச்சியில் நிற்பதைப் பார்த்து அவர் திகைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சிரித்து வணக்கம் சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"மேர்" என்றார் அஞ்சலாட்சி.

அந்தப் பெண் மறுத்துத் தலையை ஆட்டினார். கடல்வரைக்கும் இன்று நடந்து போக முடியாது. ஆனால் எதிரே இருக்கிற மலைமேல் ஏறினால் பார்க்கலாம். இரண்டு விரலைத் தன் கண்ணுக்கு நேரே வைத்து, பிறகு அந்த மலையைக் காட்டினார்.

"நீங்க எங்க போறீங்க?" என்று அஞ்சலாட்சி கேட்டார்.

"எங்கேயும் இல்லை. நடக்கிறேன்."

தன் பிரெஞ்சு சரியில்லை என்று நினைத்து அஞ்சலாட்சி மறுபடியும் கேட்டார். அதே பதில்தான் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நீஸில் ஒரு துணிக்கடையில் வேலை. பெயர் ஜினேத். லீவு கிடைத்தால் பஸ் ஏறி வந்து, ஒரு ஊரில் இறங்கி, பாறைகளில் பூசிய அந்தக் கோடுகளையே வழியாக வைத்து இன்னொரு ஊர்வரை நடப்பாராம். கூட யாரும் வருவதில்லையா என்று கேட்டதற்கு, தோளைக் குலுக்கி, இல்லை என்றார். வேலை இல்லாமல், வேண்டுதல் இல்லாமல், ஒரு பொம்பளை தனியாக மலை ஏறி இறங்குவாள் என்பதை அஞ்சலாட்சி அதுவரை கேள்விப்பட்டதில்லை. பாவம், இவளுக்கும் வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லை போலிருக்கிறது என்று தோன்றியது.

இரண்டு பேரும் சேர்ந்து பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். கீழே ஆள் இல்லாமல் இடிந்துபோன சில வீடுகள். கூரை விழுந்து, உள்ளே அத்தி மரம் முளைத்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் நாவல்பழம் அளவில் சிவப்புப் பழங்கள் காய்த்துத் தொங்கின. ஜினேத் எட்டிப் பறித்துக் கொடுத்தார். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. பக்கத்திலேயே பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வழிந்து ஒரு கல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். ஜினேத் கையாலேயே எலுமிச்சைச் சோற்றை எடுத்துச் சாப்பிட்டார். மிளகாயைக் கடித்துவிட்டு, கண்ணில் நீர் வர, தொட்டியில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தார். அவர் கொடுத்த பாலாடைக்கட்டி அழுகின வாடை அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அஞ்சலாட்சி முழுங்கினார். முகத்தைப் பார்த்து ஜினேத் விழுந்து விழுந்து சிரித்தார். ரொக்வேருக்கு வந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தன்னோடு சாப்பிட்டது அன்றுதான் என்று அஞ்சலாட்சி சொல்வார். மதாம் வீட்டில் சாப்பாடு அவர்களுக்கு மேசையில், இவருக்குக் குசினியில்.

இரண்டாவது மலை செங்குத்து. மரம் கிடையாது. வெள்ளைக் கல்லில் வெயில் பட்டுக் கண் கூசியது. ஜினேத் முன்னால் போய், தடியை நீட்டி, சில இடங்களில் அஞ்சலாட்சியைத் தூக்கிவிட்டார். கடைசியில் பாதை சமதளத்துக்கு வந்தது. ஜினேத் நின்று, ஒதுங்கி, அவரை முன்னால் போகவிட்டார்.

கடல் கீழே, மிகவும் கீழே கிடந்தது.

அஞ்சலாட்சிக்குத் தெரிந்த கடல் பழுப்பும் பச்சையுமாகப் புரண்டுகொண்டே இருக்கும். இது நீலம் முக்கி வெயிலில் விரித்துப் போட்ட புடவை மாதிரி அசையாமல் கிடந்தது. அலை இல்லை. கரையில் ஒரு வெள்ளை நூல். அங்கங்கே பாய்மரங்கள் அரிசி மணி மாதிரி. சத்தம் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ வருஷம் காதைப் பொத்திக்கொண்டு தப்பித்து ஓடிய சத்தம், இவ்வளவு தூரம் ஏறி வந்து கேட்கக் காத்திருந்தால், இல்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்து கத்தினார்.

"ஆதிமூலம்!"

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாய் சொன்னதில்லை. வீராம்பட்டினத்தில் எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டாள். ஆதிமூலம் காணாமல் போன அன்று கரையில் நின்று எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது இவர் மட்டும் "ஏங்க... ஏங்க..." என்றுதான் அழுதார்.

"ஆதிமூலம்! யோவ் ஆதிமூலம்! வந்துடுய்யா! இல்ல, வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போய்யா!"

குரல் எங்கும் போய் முட்டவில்லை. காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு உட்கார்ந்து அழுதார். ஜினேத் பயந்துபோய் ஓடி வந்தார். கீழே காட்டி, "மேர். மொன் மரி" என்றார் அஞ்சலாட்சி. கடல். என் புருஷன். அவ்வளவு பிரெஞ்சு போதுமாக இருந்தது. ஜினேத் முதுகுப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் இடம் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அவரு வரமாட்டாருன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சிது" என்பார் அஞ்சலாட்சி. "எல்லாரும் சொன்னாங்க. காரியமும் பண்ணாங்க. ஆனா அங்க, அந்த மலமேல நின்னப்பதான் தெரிஞ்சிது."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜினேத்துக்குக் கடல் பக்கமாக இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். என்னோடு வா, கீழே போய்க் கடலில் கால் வைக்கலாம் என்று சாடை காட்டினார். அஞ்சலாட்சி தலையாட்டி மறுத்தார். ஜினேத் தன் கழுத்தில் இருந்த பருத்தித் துணியை அவிழ்த்து அவர் தலையில் கட்டிவிட்டு, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். தொப்பி பாறைக்குப் பாறை தெரிந்து மறைந்தது. அதற்குப் பிறகு அவரை அஞ்சலாட்சி பார்க்கவே இல்லை.

திரும்பும் வழி லேசாக இல்லை. பள்ளத்தாக்கைக் கடந்து முதல் மலை உச்சிக்கு வரும்போது அங்கே மேகம் இறங்கிவிட்டது. வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் எதிலும் தெரியவில்லை. நாலு அடிக்கு அப்பால் மரமா பாறையா என்று புரியவில்லை. ஒரு இடத்தில் கால் வழுக்கி, புதரைப் பிடித்துத் தப்பினார். உள்ளங்கை கிழிந்தது. இங்கேயே விழுந்து கிடந்தால் தன் உடலையும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் பயம் போய்க் கோபம் வந்ததாம். உட்கார்ந்து, காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்தார். கீழே மாதா கோயில் மணி அடித்தது. அது வந்த திசையைப் பார்த்து, உட்கார்ந்தபடியே சரிந்தும் தவழ்ந்தும் இறங்கினார். பைன் மரங்களுக்குள் வந்ததும் மேகம் விலகியது. ஊரில் விளக்குகள் எரிந்தன.

வீட்டு வாசலில் மதாம் நின்றிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் டார்ச்சோடு தேடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சியைப் பார்த்ததும் மதாம் இடுப்பு வலியை மறந்து ஓடி வந்து, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"எங்க போன? எங்க போன நீ? பயந்துட்டேன்!"

தமிழ். அத்தனை மாதத்துக்குப் பிறகு தமிழ்.

"கடல் பாக்கப் போனேன் மதாம்."

"கடலா? நடந்தா?" மதாமின் கை தளர்ந்தது. "நாங்க இன்னிக்கு அங்கதானே போனோம். நீஸ் கடல் ஓரமாத்தான் இருக்கு. கார்ல ஒரு மணி நேரம். கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்போமே. ஏன் கேக்கல?"

மாதாமாதம் போய் வருகிறவர்கள் ஏன் சொல்லவில்லை என்று அஞ்சலாட்சி கேட்கவில்லை. மதாமுக்கு மட்டும் அது உறைத்திருக்க வேண்டும். வெந்நீர் வைத்து, அவரே உட்கார்ந்து கிழிந்த கையைக் கழுவிக் கட்டுப்போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரில் நீஸுக்குக் கூட்டிப்போனார்கள். கரை முழுக்கக் கூழாங்கல். குடைகளுக்கு அடியில் ஜனங்கள் அரைகுறைத் துணியோடு படுத்திருந்தார்கள். அஞ்சலாட்சி பூட்ஸைக் கழற்றிக் காலை நனைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. குனிந்து வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். உப்பு உப்புதான். கரையேறி வந்து, "மதாம், எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுருங்க" என்றார்.

மதாமுக்கு வருத்தம். "இங்க என்ன குறை உனக்கு?"

"குறை ஒண்ணும் இல்ல மதாம். பேச ஆளு இல்ல."

அன்றிலிருந்து கிளம்புகிற நாள்வரை மதாம் தினமும் மத்தியானம் குசினியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தமிழில் பேசினார். மறந்துபோன சொற்களை நினைவுக்குக் கொண்டுவரப் படாத பாடு பட்டார். புதுச்சேரித் தெருக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். இன்னும் முன்னாலேயே இப்படி இருந்திருந்தால் அங்கேயே காலம் தள்ளியிருப்பேனோ என்னவோ என்று அஞ்சலாட்சி ஒருமுறை சொன்னார். விமான நிலையத்தில் அழுதது மதாம்தான்.

எண்பத்தொன்றில் திரும்பி வந்த மறுநாளே வீராம்பட்டினம் போனார். மாமியார் வீட்டுக் கதவைத் திறந்தது நாத்தனார் கொளஞ்சி.

"அண்ணி!" என்று கட்டிக்கொண்டவர், உடனே அழத் தொடங்கினார். "ஆத்தா போன ஆடியிலயே போயிட்டா. ஒனக்கு எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல. நீ எந்த ஊருல இருக்கேன்னே யாருக்கும் தெரியல."

"என்னா சொல்லிச்சி கடைசியா?"

"அண்ணன் வந்துடுவான்னு சொல்லல. ஒன்னத்தான் கேட்டுக்கினே இருந்திச்சி. அஞ்சலாட்சி எப்ப வருவா, அஞ்சலாட்சி எப்ப வருவான்னு."

அதை அவர் என் அம்மாவிடம் சொன்னபோது ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அன்று அழுது முடித்து, கொளஞ்சியோடு கரைக்குப் போய், கட்டுமரங்கள் வந்து சேரும்வரை ஈர மணலில் நின்றார். வலையிலிருந்து மீனை உதறும்போது கூடவே உட்கார்ந்து பிரித்தார். ஒரு கூடை மீனைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு நடந்தார். அதுவே தொழிலாகிவிட்டது.

ஆனால் வீராம்பட்டினத்தில் தங்கவில்லை. விடியலில் போய், மீன் எடுத்துக்கொண்டு, விற்றுவிட்டு, முதலியார்பேட்டை அறைக்கே திரும்பிவிடுவார்.

"அங்கியே இருந்துடலாம் இல்ல? நாத்தனார் இருக்கா, ஜனம் இருக்கு" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"அவளுக்குப் புருஷன், புள்ள, மாடு, கன்னுன்னு வூடு நெறய இருக்கு கமலா. போனா நல்லாத்தான் பாத்துப்பா. ரெண்டு நாள் இருந்துட்டு வருவேன். அதுக்கு மேல எனக்கே முடியல. எங்க போனாலும் இப்ப எனக்கு அப்பிடித்தான் ஆயிப்போச்சி."

எண்பத்தெட்டு வாக்கில் முழங்கால் வீங்கி, கூடை சுமந்து தெருத்தெருவாக நடக்க முடியாமல் போனது. பெரிய மார்க்கெட்டில் ஒரு மூலையில் கருவாடு வைத்து விற்க ஆரம்பித்தார். மத்தியானம் மார்க்கெட் கொஞ்சம் ஓய்ந்ததும் மற்ற மீன்காரிகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர் தன் சாக்கிலேயே, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். அவர்கள் கூப்பிடாமல் இல்லை.

ஒரு நாள் காய்கறி வாங்கப் போன என் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் தன் சாப்பாட்டையும் தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். கருவாட்டுச் சாக்கைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, அஞ்சலாட்சிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கொழம்பு கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார். அஞ்சலாட்சி தட்டை நீட்டினார்.